அந்த போனை அழிக்காதீர்கள்: மோசடி முகாம் வழக்குகளில் தொலைந்துபோகும் சாட்சியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்களை அடைத்துவைத்து இணைய மோசடி செய்யவைக்கும் மியான்மர், கம்போடியா, லாவோஸ் முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட இளைஞர்கள் வந்து இறங்கும்போதெல்லாம் பத்திரிகைகள் படத்தோடு செய்தி போடுகின்றன. செய்தி விமான நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. அனுப்பிவைத்த ஏஜென்ட் என்ன ஆனான், வழக்கு எந்தப் பிரிவில் பதிவானது, ஆள்கடத்தல் வழக்கு எப்படி வெறும் பண மோசடி வழக்காகச் சுருங்கியது என்பதையெல்லாம் யாரும் பின்தொடர்வதில்லை. வலை வீசுவதிலிருந்து பிணைத்தொகை வாங்குவது வரை இந்தக் கடத்தல் முழுக்க போன் வழியாகவே நடக்கிறது. சாட்சியமும் அதே போனில்தான் இருக்கிறது. அது எப்படி அழிகிறது, எப்படிக் காப்பாற்றலாம் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இணைய மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. பாதிக்கப்பட்டவர்கள் 66 நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பது 2025 மார்ச் நிலவரப்படி இன்டர்போல் தந்த கணக்கு. ஐ.நா. அறிக்கையில் எண்ணிக்கையைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சிக்கியவர்களில் பலர் படித்தவர்கள், கணினி தெரிந்தவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவர்கள்.

நம் சட்டம் கோட்டைவிடுவது இங்கேதான். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி நடைமுறையில் இருக்கும் சோதனை இசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) பாஸ்போர்ட்காரர்களுக்கானது, அதாவது பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு. அவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது மட்டும் குடிபெயர்வு அனுமதி வேண்டும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு; கம்போடியா, லாவோஸ், மியான்மர் கிடையாது. பட்டதாரியின் பாஸ்போர்ட்டோ இசிஎன்ஆர் (சோதனை தேவையில்லை). சுற்றுலாப் பயணி என்று சொல்லிக்கொண்டு எந்தக் கேள்வியும் இல்லாமல் விமானம் ஏறிவிடலாம். 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா தேவையையும் நீக்கிய பிறகு, இந்தப் பயணத்தில் அரசு ஊழியர் ஒருவர் வேலைக்கான காகிதத்தைப் பார்க்கும் இடமே இல்லாமல் போனது. கொத்தனாரையும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணையும் காப்பாற்றக் கட்டிய வேலி அது. அந்த வேலையைக்கூட அரைகுறையாகச் செய்கிறது, பி.காம். படித்தவருக்கு அதுவும் இல்லை.

வலை வீசும் முறையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. வெளியுறவுத் துறை 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’, ‘கஸ்டமர் சப்போர்ட்’, டேட்டா என்ட்ரி என்ற பெயர்களில் விளம்பரம் வரும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டெலிகிராம் மூன்றிலும் ஓடும். ஒரு சின்ன நேர்காணல், ஒரு டைப்பிங் டெஸ்ட், நல்ல சம்பளம், ஹோட்டல் அறை, போகவர டிக்கெட். வேலை பற்றிய கேள்வியே இல்லாமல் டைப்பிங் வேகத்தை மட்டும் பார்க்கிறார்கள் என்றால் அதுவே போதுமான அடையாளம், ஏனென்றால் அவர்களுக்குத் தேவை ஒரே நேரத்தில் பத்துப் பேரோடு சாட் செய்யக்கூடிய விரல்கள்.

ஏஜென்ட் காசு வாங்கவில்லை என்பதால் குடும்பம் நம்பிவிடுகிறது. பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அதற்கு மேல் கேட்டால் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, கேட்காதவன் நல்லவன் என்ற எண்ணம் வந்துவிட்டது. முகாம்காரன் தலைக்கு இவ்வளவு என்று ஏஜென்டுக்குக் கொடுத்துவிடுவதால்தான் இங்கே இலவசம். வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் உரிம எண்ணைத் தேடிப் பார்க்கலாம். ஊர்க் குறியீடும் ஆண்டும் கலந்த நீளமான எண் அது. ஆனால் எண் இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. உண்மையான நிறுவனம் ஒன்றின் எண்ணை அப்படியே எடுத்துத் தன் விளம்பரத்தில் ஒட்டிக்கொள்வது சர்வசாதாரணம். தளத்தில் உள்ள முகவரிக்கும் தொலைபேசிக்கும் நேரடியாகப் பேசி, “இந்த வேலைக்கு நீங்கள் ஆள் எடுக்கிறீர்களா? இந்த ஆள் உங்கள் ஊழியரா?” என்று கேட்க வேண்டும். விளம்பரத்தில் கொடுத்த எண்ணில் கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். தாய்லாந்தில் சட்டப்படி வேலை பார்க்க நான்-இமிக்ரன்ட் பி விசாவும் வொர்க் பெர்மிட்டும் வேண்டும். “டூரிஸ்டாக வாருங்கள், வந்த பிறகு மாற்றித் தருகிறோம்” என்றால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

அடுத்தது பயண நாள். பாங்காக் விமான நிலையத்தில் கார் காத்திருக்கும். வேலை பாங்காக்கில் என்று சொல்லியிருப்பார்கள். நகருக்குள் போக ஒரு மணி நேரம், நெரிசல் இருந்தால் இன்னும் கொஞ்சம். கார் நக்கோன் சவான், தாக் வழியாக வடமேற்கே போய்க்கொண்டிருந்தால் போகுமிடம் மே சோட். சுமார் 500 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். அங்கே மோய் ஆறு. அக்கரையில் மியான்மரின் மியாவாடி நகரம், மோசடி முகாம்களுக்குப் பெயர்போன கேகே பார்க், ஷ்வே கொக்கோ. மே சோட் வரை அது தாய்லாந்து மண், சுற்றுலாக் காவல்துறையின் 1155 எண்ணும் ஆள்கடத்தல் உதவிக்கான 1300 எண்ணும் வேலை செய்கிற இடம். ஆற்றைத் தாண்டிவிட்டால் ஆயுதக் குழுக்களின் ராஜ்ஜியம். ஆகவே வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை விமானம் இறங்கியதும் எட்டு மணி நேரத்துக்குப் போட்டுவிட வேண்டும் (15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்றே தேர்வுகள்தான் உண்டு). வீட்டில் ஒருவர் உட்கார்ந்து அதைப் பார்க்கவும் வேண்டும். பகிர்ந்துவிட்டு எல்லோரும் தூங்கிப்போவது வழக்கமாக நடக்கிறது.

லொகேஷன் இல்லாவிட்டால் குடும்பங்கள் போனின் நேரத்தைக் கேட்டு இடத்தை ஊகிக்கப் பார்க்கின்றன. தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால், மியான்மர் ஒரு மணி முன்னால். ஆனால் எல்லையில் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். தாய்லாந்து டவரின் சிக்னல் ஆற்றைத் தாண்டி எட்டும். தாய்லாந்து சிம் போட்ட போன் அக்கரையில் இருந்தாலும் தாய்லாந்து நேரத்தையே காட்டும். “நான் தாய்லாந்தில்தான் இருக்கிறேன், போனில் அப்படித்தான் காட்டுகிறது” என்று பிள்ளை சொல்வது பொய்யாக இருக்காது, அவனுக்கே தெரிந்திருக்காது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத்தான் நம்ப வேண்டும். மேப்பில் தன் இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு தசம எண்கள் வரும். அவற்றை எழுத்தாக அனுப்பினால் போதும்.

படம் அனுப்பினால் இடம் தெரியுமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதில் பதிந்திருக்கும் இடம், நேரம், கேமரா விவரம் எல்லாம் கழன்றுவிடும். அதே படத்தை ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே வரும், போனில் கேமரா லொகேஷன் ஆன் ஆகியிருந்தால். ஜன்னல் வழியாக எடுத்த ஒரு படம், கட்டடத்தின் பெயர்ப்பலகை, எதிரில் தெரியும் மலையின் வடிவம், தண்ணீர்த் தொட்டி இவற்றை வைத்துச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு எந்த முகாம், எந்தக் கட்டடம் என்றே சொல்லிவிடலாம்.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாஸ்போர்ட்டும் சொந்த போனும் பறிக்கப்படும். முகாமின் போன்கள் கொடுக்கப்படும். பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேர வேலை, இலக்கு எட்டாவிட்டால் அபராதம், அடி, ஷாக். இணையத்தில் ஏமாற்றப்படுபவர் வீடியோ கால் கேட்டால் முகம் மாற்றும் மென்பொருளோடு வேறொரு ஆள் வருவார். மொழிபெயர்ப்புச் செயலிகளும் செயற்கை நுண்ணறிவும் வந்த பிறகு முகாம்காரனுக்கு மொழி தெரிந்த ஆள் என்ற தேவையே குறைந்துவிட்டது. எந்த நாட்டவரை வேண்டுமானாலும் வாங்கலாம். எந்த அளவுக்கு இது தொழிற்சாலையாக நடக்கிறது என்பதற்கு, கம்போடியாவின் பிரின்ஸ் குழுமத் தலைவர் மீது அமெரிக்க நீதித்துறை 2025 அக்டோபரில் தொடுத்த வழக்கு ஓர் உதாரணம். இரண்டு இடங்களில் மட்டும் 1,250 போன்களைக் கொண்டு ஒரு சமூக ஊடகத்தில் 76,000 கணக்குகளை இயக்கியதாக ஆவணங்கள் சொல்கின்றன. அதோடு அமெரிக்கா கைப்பற்ற நடவடிக்கை எடுத்தது 1,27,271 பிட்காயின், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,500 கோடி டாலர்.

பிள்ளை சிக்கிவிட்டான் என்று தெரிந்ததும் வீட்டில் செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, ஏஜென்டைக் கூப்பிட்டுக் கத்துவது. அடுத்த நிமிடம் டெலிகிராமில் இரு பக்கமும் சாட் அழிந்திருக்கும். டெலிகிராமில் எவ்வளவு பழைய செய்தியையும் ஒருவரே இருவருக்குமாக அழிக்க முடியும். வாட்ஸ்அப்பில் அதற்கு இரண்டு நாளைக்குச் சற்று அதிகமான அவகாசம்தான், ஆனால் மறையும் செய்தி வசதியை 24 மணி நேரத்துக்கு வைத்திருந்தால் தானாகவே போய்விடும். இரண்டாவது, பிள்ளை பேசும் போனுக்கு “போலீஸில் சொல்லிவிட்டோம்” என்று செய்தி அனுப்புவது. அந்த போனை முதலாளி தினமும் பார்க்கிறான். முகாமின் பெயரோடு வீடியோவைப் பொதுவெளியில் போடுவதும் இதே வகைதான். அடி விழுவது உள்ளே இருப்பவனுக்கு.

செய்ய வேண்டியது, வேறொரு போனை எடுத்து, ஏஜென்டோடு நடந்த சாட் முழுவதையும் திரையில் மெதுவாக நகர்த்தியபடி வீடியோ எடுப்பது. முதலில் அவனுடைய புரொஃபைல் பக்கத்தைத் திறந்து எண், பெயர், படம் தெரியக் காட்ட வேண்டும். பேசியது பிள்ளையின் எண்ணிலிருந்து என்றால், அவன் கணக்கு வீட்டுக் கணினியில் லாகின் ஆகி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் இருக்கும், யாரும் யோசிப்பதில்லை. அதன் பிறகு எக்ஸ்போர்ட். வாட்ஸ்அப்பில் ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்தால் படங்களோடு 10,000 செய்திகள் வரை, படங்கள் இல்லாமல் 40,000 வரை வரும். எதிராளி ‘அட்வான்ஸ்டு சாட் பிரைவசி’ போட்டு வைத்திருந்தால் எக்ஸ்போர்ட் ஆகாது. அப்போது முதலில் எடுத்த வீடியோதான் கைகொடுக்கும். டெலிகிராமில் கணினிச் செயலியில் மட்டுமே எக்ஸ்போர்ட் உண்டு. ஜேசன் (JSON) என்ற கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் அதில் அந்த ஆளின் பயனர் எண் வரும். பெயரையும் யூசர்நேமையும் அவன் நாளைக்கே மாற்றிவிடலாம், அந்த எண்ணை மாற்ற முடியாது. வெறும் ஸ்கிரீன்ஷாட்டில் அது வராது. இந்த ஒரு எண் இல்லாததால் ஒரே ஏஜென்ட் வெவ்வேறு ஊர் வழக்குகளில் வெவ்வேறு பெயரில், யாரோ அடையாளம் தெரியாத ஆளாகவே இருந்துவிடுகிறான்.

பணம் போயிருந்தால் யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘கான்ட்ராக்ட் முறிவு’ என்ற பெயரில் பிணைத்தொகையை யுஎஸ்டிடியில் (டாலர் மதிப்போடு கட்டிய கிரிப்டோ நாணயம்) கேட்பார்கள், பெரும்பாலும் டிரான் என்ற பிளாக்செயின் சங்கிலியில். அதன் முகவரி ‘டி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் 34 எழுத்துகள். அனுப்பியதற்கான 64 எழுத்துப் பரிவர்த்தனைக் குறியீட்டை எழுத்தாகவே நகலெடுத்து வையுங்கள். ஒரு எழுத்து தவறினாலும் தேட முடியாது. கட்டிய குடும்பங்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். பணம் கட்டிய பிறகு விடாமல் இன்னொரு முகாமுக்கு விற்ற சம்பவங்கள் உண்டு என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம். யுஎஸ்டிடியை வெளியிடும் நிறுவனத்தால் ஒரு முகவரியை முடக்க முடியும். காவல்துறை கேட்க வேண்டும், சீக்கிரம் கேட்க வேண்டும். பணம் அதற்குள் பத்துக் கை மாறிவிடும்.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். சம்பவ இடம் பார்க்காமல் முதல் தகவல் அறிக்கை பதிய, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு வழி செய்கிறது. “வெளிநாட்டில் நடந்தது, எங்களால் என்ன செய்ய முடியும்” என்ற பதில் வந்தால், ஆள்சேர்ப்பும் அனுப்பிவைத்ததும் இங்கே நடந்தவை, அவையே குற்றம் என்று எழுத்தில் கொடுங்கள். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவு (ஆள்கடத்தல்) அப்படித்தான் சொல்கிறது. ஏமாற்றி அழைத்துச் சென்றிருந்தால், போனவர் சம்மதித்தார் என்பது பொருட்டே அல்ல என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்த கோப்பைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63(4) சான்றிதழ் வேண்டும்; அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீடு) குறிக்கப்பட வேண்டும், ஒரு பகுதியைக் கொடுப்பவரும் மறு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் பெயரை மாற்றினால் ஹாஷ் மாறாது, திறந்து ஒரு வரி சேர்த்துச் சேமித்தால் மாறிவிடும். அசல் போனை ரீசெட் செய்யாமல், விற்காமல், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல் வைத்திருங்கள்.

வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) என்ற குறைதீர்ப்புத் தளத்திலும் 1800 11 3090 என்ற எண்ணிலும் தகவல் கொடுக்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், இட எண்கள், முகாம் பெயர், கட்டடம், மாடி, எந்த நேரத்தில் பேசினால் ஆபத்தில்லை ஆகியவற்றைத் தூதரகத்துக்கு ஒரே பக்கத்தில் தர வேண்டும். 1930 எண் பணம் இழந்தவர்களுக்கான இணையக் குற்ற உதவி எண். கடத்தப்பட்டவரைப் பற்றி அங்கே மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் வழக்கு நீர்த்துப்போக ஒரு காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 143ஆவது பிரிவின் விளக்கத்தில் ‘சுரண்டல்’ என்பதற்கு உடல் சுரண்டல், பாலியல் சுரண்டல், அடிமைத்தனம், பிச்சை எடுக்க வைத்தல், உறுப்பு அகற்றல் ஆகியவை வருகின்றன. குற்றம் செய்ய வைத்துச் சுரண்டுவது என்று தனியாக எழுதப்படவில்லை. ‘அடிமைத்தனத்தை ஒத்த நிலை’ என்பதில் இதை அடக்கலாம், அடக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் புலனாய்வு அதிகாரிக்கு 318ஆவது பிரிவின் மோசடியும் குடிபெயர்வுச் சட்டமும் சுலபம். ஒன்றுக்கு மேற்பட்டவரைக் கடத்தினால் 143இல் குறைந்தது பத்தாண்டுத் தண்டனை, ஆயுள் வரை போகலாம். மோசடிக்கு உச்சமே ஏழாண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டு ஆணையிலேயே குற்றச் செயல்களுக்காகச் சுரண்டுவதைச் சேர்த்துவிட்டது. நம்முடையதில் சேர்க்க ஒரு வரி போதும். அந்த வரி இல்லாததால் திரும்பி வந்தவனே சில இடங்களில் ‘சைபர் குற்றவாளி’ ஆகிவிடுகிறான்; அடித்து வாங்கப்பட்ட வேலை என்பதற்கு அவனிடம் ஆதாரம் இல்லை, போனை முகாமிலேயே துடைத்துவிட்டார்கள். வீட்டில் காத்துவைத்த சாட் அவனை இங்கே காப்பாற்றும் கடைசி வழி.

மின்சாரத்தையும் இணையத்தையும் துண்டித்தால் தீர்ந்துவிடும் என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. 2025 பிப்ரவரியில் தாய்லாந்து மியாவாடி உள்ளிட்ட எல்லைப் பகுதிகளுக்கு மின்சாரம், எரிபொருள், இணையத்தை நிறுத்தியது. ஏறத்தாழ 7,000 பேர் வெளியே வந்தார்கள். மார்ச் 10, 11 தேதிகளில் இந்திய விமானப்படை விமானங்களில் 283 பேரும் 266 பேரும் திரும்பினார்கள். முகாம்கள் மூடவில்லை. ஜெனரேட்டர் வந்தது, கூரைகளில் செயற்கைக்கோள் இணையம் தரும் ஸ்டார்லிங்க் நிறுவனத்தின் தட்டுகள் பெருகின. அக்டோபரில் அந்த நிறுவனமே 2,500க்கு மேற்பட்ட கருவிகளை முடக்கியதாகச் சொன்னது. ஏன் அதுவரை காத்திருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. கருவி எந்த இடத்திலிருந்து இயங்குகிறது என்பது அதற்குத் தெரியாத விஷயம் அல்ல. டெலிகிராமில் ஹுய்யோன் கேரண்டி என்ற சந்தை ஆண்டுக்கணக்கில் நடந்தது, கறுப்புப் பணம் மாற்றுவது முதல் கைதிகளுக்கு ஷாக் கொடுக்கும் காப்பு வரை அங்கே விளம்பரம் செய்யப்பட்டன. 2025 மே மாதம் டெலிகிராம் அதை முடக்கியதும் வாடிக்கையாளர்கள் அதே டெலிகிராமில் டுடோ கேரண்டிக்குப் போனார்கள். துண்டிப்பதில் இன்னொரு சிக்கல், உள்ளே இருப்பவன் வீட்டோடு பேசும் ஒரே கம்பியும் அதோடு அறுகிறது. துண்டிப்பதற்கு முன் ஆட்களை வெளியே கொண்டுவரத் திட்டம் இருக்க வேண்டும்.

1983 சட்டத்துக்கு மாற்றாக ஒரு வரைவு மசோதாவை வெளியுறவுத் துறை 2025இல் கருத்துக் கேட்புக்கு விட்டது. இசிஆர் முத்திரையை அளவுகோலாக வைக்காமல், பயணம் எந்த நாட்டுக்கு, அழைத்தது யார் என்பதை அளவுகோலாக வைக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. சமூக ஊடக நிறுவனங்கள் வெளிநாட்டு வேலை விளம்பரத்தை ஏற்கும் முன் இ-மைக்ரேட் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தொழில்நுட்ப ரீதியாக ஒரு நாள் வேலை. உரிம எண், நிறுவனப் பெயர், தொலைபேசி மூன்றும் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

இதே சோதனையைப் பத்திரிகைகளின் வரி விளம்பரப் பகுதியிலும் தொடங்கலாம் என்பதால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறோம். உரிம எண் இல்லாத, அல்லது எண்ணுக்கும் தொலைபேசிக்கும் பொருத்தம் இல்லாத வெளிநாட்டு வேலை விளம்பரத்தை ஏற்பதில்லை என்று உங்கள் விளம்பரப் பிரிவு முடிவெடுக்குமா என்பதைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வெளிநாட்டு வேலைக் கடத்தல் வழக்குகளில் பணியாற்றும் வழக்கறிஞர்களும் டிஜிட்டல் தடய ஆய்வாளர்களும்